போர்ட் 9009

காலை ஆறரைக்கு
ஒன்பது பால் நிலையங்களும் ஒன்றாகக் கூப்பிடும்.
நான் எழுதிய சேர்வருக்கோ ஒரு காதுதான்.

கிளிநொச்சியில், ஏ-ஒன்பது ஓரம்,
ரயர்க் கடைக்கு மேலே என் அறை.
கீழே லொறிச் சில்லு கழற்றும் சத்தம்.
மேலே, திரையில், ஒருவர் பின் ஒருவராய்
மாங்குளம் மல்லாவி துணுக்காய் அக்கராயன்
நெடுங்கேணி பூநகரி முள்ளியவளை.
ஒருவரின் பாலும் கணக்கில் ஏறவில்லை.

காரணம் ஒட்டுசுட்டான்.
தேவரஞ்சிதம் அக்கா இணைப்பைத் திறந்துவிட்டுப்
பால்மானி கழுவப் போய்விட்டா.
"ஒரு நிமிசம்தானே தங்கச்சி" என்றா பிறகு, போனில்.
அந்த ஒரு நிமிசம் வன்னி முழுக்கப் பால் நின்றது.
விசுவமடுவில் குலநாயகம்
"சிஸ்டம் விழுந்திட்டுது" என்று கொப்பியை எடுத்தார்.
விழவில்லை.
ஒருத்தியின் வாயைப் பார்த்தபடி நின்றது,
அவ்வளவுதான்.

இரவே மாற்றினேன். ஆளுக்கொரு திரெட்.
மறுநாள் இரண்டு திரெட்டுகள்
ஒரே மொத்தத்தை ஒரே கணத்தில் வாசித்து
தன் தன் கூட்டலை எழுதின.
நெடுங்கேணியின் பதினெட்டு லீற்றர்
ஒரு துளி சிந்தாமல் இல்லாமற் போயிற்று.
பிழைப் பதிவில் 'காணாமற் போனது' என்று எழுதினேன்.
அந்தச் சொல்லை இங்கே பாலுக்குச் சொல்வதில்லை.
அழித்து, 'குறைவு' என்று போட்டேன்.

பிறகு ஒரே லூப்.
எல்லோர் பெயரும் ஒரு பட்டியலில்.
யாரிடம் சொல் இருக்கிறது?
இருப்பவரிடம் வாங்கு. இல்லாதவரிடம் நிற்காதே.
திரும்பக் கேள்.
'துணுக்காய், நாற்ப' என்று பாதியில் நின்றால்
மீதி வரும்வரை அவர் பெயரிலேயே எடுத்து வை,
அடுத்தவர் பாலோடு கலந்துவிடாதே.

ஆறரை. ஒன்பதும் வந்தன.
தேவரஞ்சிதம் அக்கா ஆறுதலாகப் பால்மானி கழுவினா.
எவரும் காத்திருக்கவில்லை.

ஏழு மணிக்குப் பெட்டியின் விசிறி அலறியது.
பூநகரி வேலை முடித்து இணைப்பை மூடியிருந்தது.
மூடுகிறவர் கடைசியில் ஒரு வெறுமையை விட்டுப் போவார்,
பூச்சியம் பைட்.
அதையும் சொல்லென்று நம்பி
செக்கனுக்கு ஆயிரம் தரம் வாசித்துக்கொண்டிருந்தது என் லூப்.
ஒரு வரி சேர்த்தேன்:
வெறுமை வந்தால் போய்விட்டார், பெயரை எடு.

அது சுலபம்.
சொல்லிவிட்டுப் போனவர்.

முள்ளியவளையில், அடுத்த நாள்,
அளந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போனது.
றவுட்டர் அணைந்தது.
மூடியதாக ஒன்றும் வரவில்லை.
வெறுமைகூட வரவில்லை.
என் பக்கத்தில் இணைப்பு திறந்தே இருந்தது.
ஒவ்வொரு சுற்றிலும் லூப் அந்தப் பெயரைக் கேட்டது,
சொல் இல்லை என்று கடந்தது.
மற்றவர்களுக்கு ஒரு தடங்கலும் இல்லை.
விட்டால் வருடக்கணக்கில் இருக்கும் அப்படியே.

டைம்அவுட் எழுத வேண்டும். எத்தனை செக்கன்?
சங்க முகாமையாளர் மரியநேசனைக் கேட்டேன்.
"அது நீங்கள் பாத்துப் போடுங்கோ."
முப்பது என்று அடித்தேன். அழித்தேன்.
முன்னூறு. அதையும் அழித்தேன்.
கீழே யாரோ சில்லுக்குக் காற்றடித்தார்கள்.

அப்போது சுபாங்கினியின் அழைப்பு,
முள்ளியவளையிலிருந்து.
"கரண்ட் வந்திட்டுது அக்கா.
நாலு தரம் தட்டிப் பாத்திட்டன்,
'முள்ளியவளை ஏற்கெனவே உள்ளே' எண்டு வருது.
நான் வெளியிலயெல்லோ நிக்கிறன்?"

பார்த்தேன். உண்மைதான்.
அவள் இடத்தை அவளுக்கென்றே பிடித்து வைத்து
அவளையே வாசலில் நிறுத்தியிருந்தேன்.

பழைய பெயரைக் கையால் எடுத்தேன்.
"இப்ப பார்."
முப்பத்தாறு லீற்றர், கொழுப்பு நாலு தசம் இரண்டு.
ஏறியது.

தொண்ணூறு என்று போட்டு வைத்திருக்கிறேன்.
சரியா என்று தெரியாது.
கீழே ஒரு குறிப்பும்:
அதே பெயரில் யாரும் திரும்பி வந்தால்
வந்தவரை நம்பு.